கடும் பிணியும் ஆராய்ச்சிக் கடமையும்

காய்ச்சலென்றால் இரண்டு மாத்திரையும் ஒரு நாள் ஓய்வும் போதுமென்று நினைப்பது நம்மவர் வழக்கம். பெரும்பாலான காய்ச்சல்களுக்கு அது போதும் என்பதும் உண்மையே. ஆனால் சில சமயங்களில், கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட தேக சக்தியே நிலை தவறி, நுரையீரல், சிறுநீரகம், இருதயம் முதலிய சொந்த அவயவங்களைச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. இதையே வைத்தியர்கள் செப்சிஸ் என்கிறார்கள். இது ஒரே கிருமியால் வரும் தனி வியாதியன்று. நிமோனியா, சீழ்ப்புண், பிரசவத்துக்குப் பிந்திய தொற்று, ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் ஆகிய பல பாதைகள் வந்து முடியும் படுகுழி இது.

2017-ம் வருஷத்தில் உலகில் சுமார் 4.89 கோடிப் பேருக்கு இந்நிலை ஏற்பட்டு, 1.1 கோடிப் பேர் மாண்டனர் என்று 2020-ல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. அவ்வருஷத்து மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இது. இப்பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பவை ஏழை நாடுகளே. 2017 மே மாதத்தில் உலக சுகாதார மகாசபை இதைப்பற்றித் தனித் தீர்மானமே நிறைவேற்றிற்று. அப்படியாயின், நமது தேசம் எதை முதலில் ஆராய வேண்டும்? இதுவே இன்று நம்முன் உள்ள கேள்வி.

மேல்நாட்டார் கண்ட முடிவுகளை அப்படியே ஏற்றுக்கொண்டால் போதாதா என்று கேட்போர் உளர். போதாது என்பதற்கு ஆப்பிரிக்காவே சாட்சி. கடுங்காய்ச்சலால் இரத்த ஓட்டம் குன்றிய குழந்தைகளுக்கு நரம்பு வழியே திரவத்தை விரைவாக ஏற்றுவது நெடுநாளைய வைத்திய முறை. உகாண்டா, கென்யா, தான்ஸானியா ஆகிய நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் இதைப் பரீட்சித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். திரவத்தை விரைந்து ஏற்றிய குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேரும், அவ்வாறு ஏற்றாத குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 7 பேரும் 48 மணி நேரத்தில் இறந்தனர்! ஜாம்பியாவில் பெரியவர்களிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட பரீட்சையும் இதையொட்டிய எச்சரிக்கையையே தந்தது. ஒரு நாட்டில் நன்மை செய்யும் முறை, தீவிர சிகிச்சைச் சாதனங்கள் குறைந்த இன்னொரு நாட்டில் தீமையாகவும் முடியலாம் என்பதே இதன் பாடம்.

நம்மவர்க்கு இத்தகைய ஆராய்ச்சி இயலாதென்பதும் தவறு. கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் என்ற இரு மருந்துகளில் எது சிறந்தது என்பது நெடுநாள் விவாதம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார் முன்னின்று, இந்தியாவின் ஏழு ஆஸ்பத்திரிகளில் இதைப் பரீட்சித்தனர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நோயின் சிக்கல்கள் குறைகின்றன என்று 2023-ல் கண்டனர். மரண விகிதத்தில் தெளிவான பேதம் காணப்படவில்லை. ஆயினும் நம் மண்ணின் கேள்விக்கு நம்மவரே விடை தேடினர் என்பது பெருமைக்குரியது.

இன்னும் அருகில், அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தைப் பார்ப்போம். அங்கே தேசியத் தொற்றுநோயியல் நிலையம் இருக்கிறது. ஆவடியில் தொழுநோய்க்காக இயங்கிய களப்பிரிவையும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் நிலையத்தையும் இணைத்து 1999-ல் அது உருவாயிற்று. அதன் துணையுடன் தமிழ்நாட்டு சர்க்கார் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கினர். காசநோய் கண்டவுடனே நோயாளியிடம் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்குத் தக்க எடை மிகவும் குறைந்திருக்கிறதா? மூச்சு வேகமாகவோ, இரத்தத்தில் பிராணவாயு குறைந்தோ இருக்கிறதா? துணையின்றி நிற்க முடிகிறதா? இவற்றில் ஒன்று தவறினாலும் அவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க முயல்கிறார்கள். இதற்கு விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. எடை பார்க்கும் கருவியும், விரலில் மாட்டும் சிறு கருவியும், கடிகாரமும், கவனமுள்ள ஊழியருமே போதும்.

காசநோய் வேறு, செப்சிஸ் வேறு என்பதை நாம் அறிவோம். ஆனால் சாகும் நிலையிலுள்ளவரை முதல் வாசலிலேயே கண்டுபிடிக்கும் கலை இரண்டுக்கும் பொது. ஆகவே ஆராய்ச்சியில் முதலிடம் இதற்கே உரியதென்பது நமது அபிப்பிராயம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவு வேலை செய்பவர், ஒரு நாள் கூலி போகுமே என்று காய்ச்சலுடன் உழைத்து மூன்றாம் நாள் மூச்சுத் திணறி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எங்கே போனார்? அங்கே அவருடைய மூச்சை யாரேனும் எண்ணினார்களா? முதல் மருந்து ஏறும்வரை எத்தனை மணி நேரம் கழிந்தது? செப்சிஸால் இரத்த அழுத்தம் வீழ்ந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து தரவேண்டுமென்று சர்வதேச விதிமுறைகள் கூறுகின்றன. நமது புறநகர்களில் அந்த மணி எங்கே தொலைகிறது என்பதையே முதலில் ஆராய்ந்தறிய வேண்டும்.

இரண்டாவது, எந்தக் கிருமி எந்தப் பருவத்தில் நம்மவரை இந்நிலைக்குத் தள்ளுகிறது என்ற கணக்கு. இதை அறியாமல் காய்ச்சலுக்கெல்லாம் பலமான மருந்தை வாரியிறைத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகளே பெருகும். விரைந்து கொடுக்கவும் வேண்டும், வீணாகக் கொடுக்காமலும் இருக்க வேண்டும் என்ற இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பது உள்ளூர் ஆராய்ச்சி ஒன்றே. மூன்றாவது, பிழைத்தெழுந்தவரின் கதி. தளர்ந்த கைகால்களும் குன்றிய ஞாபகமும் செப்சிஸிலிருந்து மீண்ட பலரைத் தொடர்கின்றன. தேகபலமே மூலதனமாகவுள்ள தொழிலாளிக்கு இது இரண்டாவது ஆபத்தன்றோ?

பெரிய யந்திரங்கள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் கட்டில்வரை வந்து சேராதவனுக்குக் கட்டிலருகே நிற்கும் யந்திரத்தால் என்ன பயன்? அயப்பாக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். பூவிருந்தவல்லியில் பொதுச் சுகாதார ஊழியர்களைப் பயிற்றும் ஸ்தாபனம் இருக்கிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகளும் தொழிலாளர் சங்கங்களும் இருக்கின்றன. இவர்கள் ஒன்றுகூடினால் இம்மூன்று கேள்விகளுக்கும் இங்கேயே விடை காணலாம். சர்க்காரும் பொதுஜனங்களும் இதற்கு வேண்டிய பொருளும் ஒத்துழைப்பும் தந்து உதவுவார்களாக.