உங்களுக்குத் தெரியுமா? வலி போக்கும் மாத்திரை, பழக்கம் போக்கும் மாத்திரை

● பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களில், நாள் முழுக்கத் தறியோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இடுப்புவலி புதிதல்ல. வலிக்குத் தரப்படும் டிரமடால், அபின் வகை மருந்து. தொடர்ந்து போட்டால் பழக்கமாகிவிடும். 2018 ஏப்ரலில் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது.

● பழகிய உடம்புக்குத் திடீரென நிறுத்தினால் கைகால் குடையும், மூக்கு ஒழுகும், வயிறு போகும், தூக்கம் வராது. பழைய வலிதான் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி மாத்திரையைத் தேடுவோர் உண்டு.

● இதிலிருந்து மீட்க உதவும் மருந்து புப்ரெனார்பின். விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

● இது போதைத் தவிப்பை ஒரு நாள் முழுக்க அடக்கும். வலியையோ 6 முதல் 8 மணி நேரமே அடக்கும். அதனால் வலியும் உள்ளவர்களுக்கு, ஒரு நாள் அளவையே மூன்று, நான்கு வேளையாக மருத்துவர் பிரித்துத் தருவதுண்டு.

● பழைய மாத்திரையின் வேகம் தணியுமுன் இதைப் போட்டால் தவிப்பு சட்டென ஏறும். எனவே மருத்துவர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும். போதை மீட்பு ஆலோசனைக்குக் கட்டணமில்லா எண்: 14446.