சேதுச் சாலையில் ராத்தங்கல்

வேதாரண்யத்திலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை ஒட்டி வண்டியில் போவதென்றால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டு விஷயங்களை விசாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பெட்ரோல் எங்கே கிடைக்கும், ராத்திரி எங்கே படுக்கலாம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை வந்துவிட்டது, பெட்ரோலுக்குப் பஞ்சமில்லை. படுக்க இடம் கிடைப்பதுதான் முன்பைவிடக் கடினமாகிவிட்டது.

அப்போது நானும் நண்பனும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனோம். தார்ப்பாய், பம்ப் ஸ்டவ், அலுமினியச் சட்டி, கொஞ்சம் அரிசி. முத்துப்பேட்டை தாண்டினால் பாதை ஒடுங்கி, ஊர்களுக்குள் வளைந்து வளைந்து போகும். வழி கேட்காமல் நகர முடியாது. கேட்கிற டீக்கடையில் யாராவது, "இருட்டுற நேரத்துல எங்க தம்பி போறீங்க? தோப்புல படுத்துட்டுக் காலையில போங்க" என்பார். சேதுபாவாசத்திரம் பக்கம் அப்படித்தான் ஒரு தென்னந்தோப்பில் தங்கினோம். கடலோரமாகத் தார்ப்பாயைக் கட்டப்போனவர்களை ஒரு பெரியவர் தடுத்தார். "வாடைக் காத்து அடிக்குது, ராவுல தண்ணி ஏறும். மேட்டுக்கு வாங்க." விடிந்ததும் வலையிலிருந்து காரல் மீன் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. படுக்க இடம் தேடிப் போய்த்தான் அந்தக் கரையின் மனிதர்களை நாங்கள் அறிந்தோம்.

அண்மையில் அதே வழியில் காரில் போனோம். வீசினால் விரிகிற கூடாரம், கையடக்க காஸ் அடுப்பு, செல்போனில் வரைபடம். சாலை ஊர்களைத் தொடாமல் விலகிப் போகிறது. அதிராம்பட்டினம், கட்டுமாவடி, மீமிசல், தொண்டி எல்லாம் பலகைகளாகக் கடந்துபோயின. இந்தச் சாலையை நான் குறை சொல்ல மாட்டேன். மீன் அழுகுவதற்குள் சந்தைக்குப் போகிறது, பிரசவ வலி கண்டவள் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்.

ஆனால் அந்தப் பழைய தோப்புகள் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. தென்னை அந்தப் பக்கத்தில் வெறும் மரமில்லை. பிள்ளை படிப்பும் பெண் கல்யாணமும் அதன் காய்ப்பை நம்பியே நடந்தன. பல தலைமுறை நிழல் ஓர் இரவில் வேரோடு படுத்துவிட்டது. பிறகு வைத்த கன்றுகள் இப்போது வளர்ந்து நிற்கின்றன. ஆனால் பல தோப்புகளுக்குக் கம்பிவேலி வந்திருக்கிறது. குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போடுகிறவர்களால் வந்த வேலி என்றார் ஒரு தோப்புக்காரர். தங்கலாமா என்று கேட்ட எங்களை அவர் மேலும் கீழும் பார்த்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் கண்டது அப்படி.

தனுஷ்கோடியின் மாற்றம் இன்னும் பெரியது. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடும் மக்களோடும் அழிந்த ஊர் அது. நாங்கள் முதலில் போனபோது முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அப்பால் மணலில் திணறிப் போகும் வேன்தான். பெண்கடல் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் அமைதியான வடகரையில், ஒரு மீனவர் குடிசையின் ஓரத்தில் படுத்தோம். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. மாலையானதும் போலீசார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இருபுறமும் கடல் உள்ள அந்த மணல் நாக்கில் அது சரியான ஏற்பாடுதான்.

இந்த வழிக்குத் தங்கல் என்பது புதிதல்ல. ராமேசுவரம் போகும் யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றில் கை வைக்க வேண்டாம் என்று இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. வழிப்போக்கருக்குச் சமைத்த சோறும், நோயுற்றால் வைத்தியமும் அங்கே கிடைத்ததை அதில் விவரித்திருக்கிறார். அவர் கட்டிய மனோரா கோபுரம் மல்லிப்பட்டினம் அருகே இன்றும் நிற்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

வருகிறவர்களைத் தங்கவைக்க இப்போதும் வழியுண்டு. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். வருமானம் ஊருக்குள் வருகிறது. மனோராப் பக்கத்து ஊர்களிலும் இதுபோல ஊராரைச் சேர்த்துக்கொண்டு ராத்தங்கலுக்கு ஏற்பாடு செய்யலாம். வெளியே கடலில் கடற்புல் மேயும் ஆவுளியாவுக்காக 2022இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம் இருப்பதால், பிளாஸ்டிக்குக்கும் மதுவுக்கும் கண்டிப்பான தடை வேண்டும். வேலிக்குள் பத்துக் கூடாரம் போட இடம், குடிதண்ணீர், கழிப்பறை, சோறு ஆக்கித் தர ஊரிலேயே இரண்டு வீடு. எந்த மாதம் எங்கே தண்ணீர் ஏறும் என்று சொல்ல அந்த ஊர்களில் ஆளுக்குக் குறைவில்லை.