பிறேக் பெடல் கல்லாக இறுகினால்...
பழைய பிக்கப் வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், மூதூர்ப் பக்கத்து நெல்லும் மரக்கறியும் படகுப்பாதைக்குக் காத்து நிற்காமல் திருகோணமலைக்கு வந்து சேர்கின்றன. 2006 இல் இடம்பெயர்ந்து, பல வருடங்களின் பின் காணி திரும்பப் பெற்ற குடும்பங்கள் சில, கூட்டாகப் பணம் போட்டுப் பழைய டீசல் பிக்கப் வாங்கியிருப்பதை நாம் அறிவோம். சந்தைக்குப் போகும்போது மூட்டைகளுக்கு மேல் பிள்ளைகளும் ஏறிக்கொள்கிறார்கள். எனவே இந்த வண்டியின் பிறேக் சாரதி ஒருவருடைய விடயம் மட்டுமல்ல.

ஓர் அறுவடைக் காலத்தில் இப்படியான வண்டியொன்றில் நானும் இருந்தேன். உவர்மலை இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க எண்ணிய சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டார். முதல் இரண்டு மிதிக்கும் வண்டி அடங்கியது. மூன்றாம் மிதியில் பெடல் கல்லாக இறுகிவிட்டது. இரண்டு காலாலும் அழுத்தி, கைப் பிறேக்கையும் இழுத்து, ஒருவாறு வேலியோரம் நிறுத்தினார். பிறேக்கில் பழுது எதுவும் இருக்கவில்லை. அதற்கு இருந்த துணைதான் தீர்ந்துபோயிருந்தது.

அந்தத் துணை எது?

பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே சட்டி போன்ற வட்டமான பெட்டி ஒன்று உண்டு. அதுவே பூஸ்டர். அதற்குள் ஒரு றப்பர்த் திரை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது திரையின் இரு பக்கத்துக் காற்றும் உறிஞ்சப்படுகிறது. பெடலை மிதித்ததும் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிக்காற்று புகுந்து திரையைத் தள்ளுகிறது. 9 அங்குலத் திரையில் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அழுத்தம் விழுந்தால், மொத்தம் 600 இறாத்தலுக்கு மேல் வரும். ஏறக்குறைய நாலு நெல் மூட்டையின் பாரம் உங்கள் காலோடு சேர்ந்து தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்றால் மிச்சமிருக்கும் உதவி இரண்டு மூன்று மிதிக்கே போதும்.

வீட்டு முற்றத்தில் செய்யும் சோதனை

சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுங்கள்.

1. எஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகும் வரை பலமுறை மிதியுங்கள். பின்பு பெடலில் காலை அழுத்தியபடியே எஞ்சினை ஸ்ரார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு உறிஞ்சல் வரவில்லை, அல்லது பூஸ்டரே கெட்டுவிட்டது.

2. எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆறுதலாக மூன்று முறை மிதியுங்கள். ஒவ்வொரு முறையும் பெடல் முன்னையதைவிட உயரத்தில் நிற்க வேண்டும். முதல் மிதியே இறுகியிருந்தால் எங்கோ காற்று கசிகிறது.

3. எஞ்சின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடித்து, அப்படியே எஞ்சினை நிறுத்துங்கள். 30 செக்கன் வரை பெடல் அசையக் கூடாது. காலை மேலே தள்ளினால் கசிவு உண்டு.

எங்கே தேடுவது?

விலை குறைந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒருமுறை பூஸ்டரையே மாற்ற வேண்டும் என்று ஒரு கராஜில் எமக்குச் சொன்னார்கள். பார்த்தபோது வெடித்திருந்தது பூஸ்டருக்குப் போகும் றப்பர்க் குழாய் மட்டுமே. குழாயை வளைத்து வெடிப்பைப் பாருங்கள், கிளிப்புகளை இறுக்குங்கள். குழாய் வழியிலுள்ள ஒருவழி வால்வைக் கழற்றி ஊதுங்கள். பூஸ்டர்ப் பக்கமிருந்து எஞ்சின் பக்கம் மட்டுமே காற்றுப் போக வேண்டும்.

டீசல் வண்டிகளில் உறிஞ்சலுக்கென்று தனிப் பம்ப் உண்டு. பழைய ஹைலக்ஸ் டீசல் வண்டிகளில் அது அல்டர்னேற்றரின் பின்புறத்தில் இருக்கும். பெல்ற் அறுந்தால் பற்றறிச் சார்ஜும் பிறேக்கின் துணையும் ஒன்றாகவே போய்விடும். ஆகவே சார்ஜ் லைற் எரிந்தால் சந்தை முடியட்டும் என்று ஓட வேண்டாம்.

பெடலருகே ‘உஸ்’ என்ற சத்தம் ஓயாமல் கேட்டால் பூஸ்டரின் உள்ளே பழுது. வெளியே ஈரமில்லாமல் பிறேக் ஒயில் குறைந்தால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அது பூஸ்டருக்குள் கசியலாம். இவை மெக்கானிக்கின் வேலை.

பெடல் மெத்தையாக அமிழ்ந்தால் அது வேறு நோய்: ஒயில் கசிவு, அல்லது ஒயிலில் காற்று. கடற்காற்றும் மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புத் தண்ணீரும் இரும்புப் பிறேக் குழாய்களை அரிக்கும். மீன் ஏற்றிய அன்றே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிறேக் ஒயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஒயிலோ மண்ணெண்ணெயோ ஒருபோதும் ஊற்ற வேண்டாம். றப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

தெருவில் நேர்ந்தால்

பெடல் அமிழ்ந்தால் விரைவாகப் பலமுறை மிதியுங்கள். பெடல் இறுகினால் காலை எடுக்காமல் முழுப் பலத்தோடு அழுத்துங்கள். விட்டு விட்டு மிதித்தால் மிச்சமுள்ள உதவியும் தீரும். இரண்டிலும் சிறிய கியருக்கு மாற்றி, கைப் பிறேக்கை மெதுவாக இழுங்கள்.

இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி மிச்சம் பிடிக்கும் டீசல் ஒரு கோப்பை தேநீர்க் காசுக்கும் வராது. அதற்காக மூட்டை மேல் இருக்கும் பிள்ளைகளைப் பணயம் வைக்க வேண்டாம்.