புள்ளிவிபரக் கணிப்பில் உதவி நாடும் நெறி

மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பக்கம் தொடங்கி வடக்கே ஏறாவூர்ப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு ஒட்டிக் கிடப்பது. அதன் கீழ்ப்புறம் எழுவான்கரை எனவும் மேற்புறம் படுவான்கரை எனவும் வழங்கும். இருகரை மக்களும் நீரையும் நிலத்தையும் நம்பி வாழ்பவர். மாரியில் வெள்ளம் வந்து சேர வாவியின் உவர்ப்புக் குறைவதும், கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைப்பதும், அவற்றுக்கேற்ப மீனும் இறாலும் பெருகுவதும் அருகுவதும் அவர்கள் பட்டறிவால் உணர்ந்தவை. அப்பட்டறிவை அளந்து, எண்ணாக்கி, பிறரும் சோதித்து ஏற்கத்தக்க முடிபாக்கித் தருவதே புள்ளிவிபரவியலின் பணியாகும்.

1981 ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலைக் கல்விக்கூடத்தில் விஞ்ஞானமும் விவசாயமும் பயிலும் மாணவர் பலர், இறுதியாண்டிலே ஆய்வறிக்கை எழுதும் கடமை உடையவர். ஒருவர் வாவியின் உவர்ப்பை அளப்பார். மற்றொருவர் பெரும்போக விளைச்சலைக் கணக்கிடுவார். தரவுகளைத் திரட்டுவதில் அவர்கள் தளர்வதில்லை. வெயிலிலும் சேற்றிலும் நின்று திரட்டிய எண்களைக் கணனியிலே இட்ட பின்னரே பலருக்கு இடர் தொடங்குகின்றது. நிரல் ஓட மறுக்கின்றது. அல்லது ஓடி, நம்பத்தகாத விடையைத் தருகின்றது. அவ்வேளையில் யாரிடம் கேட்பது, எங்ஙனம் கேட்பது என்பன சிறிய வினாக்கள் அல்ல.

இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்கும் புள்ளிவிபர மொழிகளுள் 'ஆர்' என்பது ஒன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யோன் சேம்பர்சும் அவருடன் உழைத்தோரும் 1976 இல் தொடங்கிய 'எஸ்' என்னும் மொழி இதற்கு முன்னோடி. நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொஸ் இகாக்கா, றொபேட் ஜென்ரில்மன் என்னும் இருவரும் அதனைத் தழுவிப் புதிய மொழியொன்றை ஆக்கினர். இருவர் பெயரும் ஓரெழுத்திலே தொடங்குவதால் அவ்வெழுத்தே மொழிக்கும் பெயராயிற்று. 1995 இல் அது கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது; 2000 பெப்ரவரி 29 இல் அதன் 1.0.0 ஆம் பதிப்புத் தோன்றிற்று.

இவ்வரலாற்றிலே மாணவர் கருத்தில் இருத்தவேண்டிய செய்தி ஒன்று உண்டு. விலைகொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு விற்றவர் பொறுப்பாவர். இடர் நேர்ந்தால் அவரைக் கேட்கலாம். 'ஆர்' மொழிக்கோ விற்பவர் இல்லை. அதனைப் பயன்படுத்துவோரே ஒருவருக்கொருவர் துணையாவர். எங்கோ ஒரு நாட்டிலுள்ள பேராசிரியரோ பொறியியலாளரோ தம் ஓய்வு வேளையில், கூலி கருதாது விடை கூறுகின்றார். ஆகவே கேட்பவர் அவருடைய காலத்தைக் கொடையாகப் பெறுகின்றார் என்க. வினாவைச் செம்மையாக அமைத்தல் வெறும் நயநாகரிகம் அன்று. கொடையைப் பெறுவோர் ஆற்றவேண்டிய கடன் அது.

உதவி நாடுவதில் காலம் அறிதலே முதற்படி. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் 1919 முதல் பணியாற்றி, பரிசோதனைத் திட்டமிடலுக்கு அடித்தளம் இட்டவர் றொனால்ட் பிசர். அவர் 1938 இல் கல்கத்தாவில் நிகழ்ந்த முதலாவது இந்தியப் புள்ளிவிபரவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பரிசோதனை முடிந்தபின் புள்ளிவிபரவியலாளரை அழைப்பது, இறந்தவனுக்குப் பிரேத பரிசோதனை செய்ய மருத்துவரை அழைப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் அங்கு உணர்த்திய கருத்து. மடிந்தது எதனால் என்று சொல்லலாமேயன்றி உயிர் கொடுத்தல் இயலாது. தரவு திரட்டுமுன் ஒருமுறை கேட்பது, திரட்டியபின் பத்துமுறை கேட்பதிலும் பயன் மிக்கது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாணவி ஒருத்தி வாவிக்கரைத் துறை ஒன்றிலே நாடோறும் கரைசேரும் இறாலின் நிறையைக் கிலோகிராமிலே குறித்தாள் என்று கொள்க. ஐந்து நாட் குறிப்பு 5, 12, 30, 100 என நான்கு எண்களும், ஒரு நாளுக்கு 'இல்லை' என்னும் சொல்லுமாக அமைந்தது. எண்களின் நடுவே ஒரு சொல் புகுந்தமையால், கணனி அந்நிரல் முழுவதையும் எண்ணாகக் கொள்ளாது எழுத்தாகவே கொள்ளும்.

'ஆர்' மொழியின் பழைய பதிப்புக்கள் இத்தகைய எழுத்துத் தொடர்களைத் தாமாகவே 'பகுப்பு' என்னும் வகைக்கு மாற்றும். பகுப்புக்கள் அகராதி முறையிலே ஒழுங்குபடுத்தப்பெறும். அவ்வொழுங்கிலே 100 முதலாவது, 12 இரண்டாவது, 30 மூன்றாவது, 5 நான்காவது, 'இல்லை' ஐந்தாவது. மாணவி அதனை மீண்டும் எண்ணாக மாற்றும் கட்டளையை இட்டால், நிறைகள் அல்ல, இவ்வரிசை எண்களே வெளிவரும். 100 கிலோகிராம் இறால் பிடிபட்ட நாள் 1 ஆகிவிடும். 'இல்லை' எனக் குறித்த நாளே 5 என்னும் பெருமதிப்பைப் பெறும். அவற்றின் இடை 3 என்று கணனி தயக்கமின்றிக் கூறும். வழு அறிவிப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. நிரல் நின்றுபோவதைக் காட்டிலும் இதுவே கொடிது. நின்றுபோன நிரல் தன் குறையைத் தானே சொல்லுகின்றது. பொய்விடை தரும் நிரலோ மௌனமாக இருந்து அறிக்கைக்குள் நுழைந்துவிடுகின்றது. அவ்வறிக்கையைக் கொண்டு மீன்பிடிக்குத் தடைக்காலமோ இழப்பீடோ வகுப்பின், அப்பிழையின் பாரத்தைச் சுமப்பவர் ஆய்வாளர் அல்லர்; தோணியை நம்பி வாழும் குடும்பத்தினரே.

2020 இல் வெளிவந்த 4.0.0 ஆம் பதிப்பு முதல் இந்தத் தானியங்கு மாற்றம் நீக்கப்பட்டது. இப்பொழுது எழுத்து எழுத்தாகவே நிற்கும், எண்ணாக மாற்றினால் 'இல்லை' என்பது விடுபட்ட மதிப்பாகும், எச்சரிக்கையும் தோன்றும். ஆயினும் மூத்த மாணவர் இளையோருக்குக் கையளிக்கும் பழைய நிரல்களிலே பகுப்பாக மாற்றும் கட்டளை இருப்பின் அத்தீங்கு இன்றும் நேரும். ஆதலாற்றான் உதவி கேட்போர் தாம் பயன்படுத்தும் பதிப்பு எண்ணைத் தவறாது குறித்தல் வேண்டும்.

இனி, அம்மாணவி தன் ஐயத்தை எவ்வாறு எழுதுவாள்? "என் நிரல் வேலை செய்யவில்லை, உதவி தேவை" என்று மட்டும் எழுதினால், நோயாளி "உடம்புக்குச் சரியில்லை" என்று மட்டும் சொல்லி வாய்மூடியதற்கு ஒப்பாகும். நல்ல வினாவுக்கு உறுப்புக்கள் ஐந்து. எதனைக் கணிக்க முயன்றாள் என்பது முதலாவது. இட்ட கட்டளைகளை ஓரெழுத்தும் மாறாது தருதல் இரண்டாவது. எதிர்பார்த்த விடை யாது, கிடைத்த விடை யாது என இரண்டையும் அருகருகே வைத்தல் மூன்றாவது. கணனி வழுவோ எச்சரிக்கையோ தந்திருப்பின், அது ஆங்கிலத்திலே இருந்தாலும், தன் சொல்லால் மாற்றாது அப்படியே படியெடுத்தல் நான்காவது. பதிப்பு எண்ணும், தான் முன்னரே முயன்று பார்த்தவையும் ஐந்தாவது.

இவ்வைந்துக்கும் மேலாக, பிறர் தம் கணனியில் இட்டு அதே குறையைக் காணத்தக்க சிறு தரவு ஒன்றும் வேண்டும். ஓராண்டுத் தரவு முழுவதையும் அனுப்புதல் தகாது. மேலே கண்ட ஐந்து மதிப்புக்களே குறையை முழுமையாகக் காட்டப் போதுமானவை. திரையைப் படம்பிடித்து அனுப்புவதிலும் பயன் குறைவு. படத்திலுள்ள எண்களை உதவுவோர் ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்ய நேரும். தரவைத் திரும்பவும் ஆக்கத்தக்க கட்டளை வடிவிலே எழுதித்தரும் 'டிபுட்' என்னும் வசதி 'ஆர்' மொழியிலேயே உண்டு. எழுமாற்று எண்களைக் கொண்டு மாதிரி எடுத்திருந்தால், 'செட்சீட்' என்னும் கட்டளையால் தொடக்க எண்ணை நிலைப்படுத்தல் வேண்டும். அன்றேல் உதவுவோருக்கு வேறு எண்கள் தோன்றும். சிறு தரவை அமைப்பதிலே வேறொரு நலனும் உண்டு. மீனவரின் பெயர், ஊர், கடன், வருமானம் ஆகியன அந்நியர் கைக்குச் செல்வதில்லை. நம்பிச் சொன்னவரின் செய்தியைக் காத்தல் ஆய்வாளரின் அறமன்றோ?

சிறு தரவை அமைக்க முயலும்போதே பலருக்கு விடை தானாகத் தோன்றிவிடுகின்றது. ஆயிரம் வரிகளை நூறாக்கி, நூறைப் பத்தாக்கி வரும்போது, எவ்வரியை நீக்கியதும் குறை மறைகின்றதோ அவ்வரியிலேயே குறை உள்ளது என்பது தெளிவு. வினாவைச் செப்பமாக எழுதுதல் விடையில் பாதி என்பது இதனாலேயே.

உதவி நாடுமிடங்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மொழியோடு வரும் கையேட்டையே காணல் வேண்டும். ஒரு கட்டளையின் பெயருக்கு முன் வினாக்குறி இட்டாலே அதன் விளக்கமும் எடுத்துக்காட்டும் தோன்றும். அடுத்து உடன் பயில்வோர், அதன்பின் விரிவுரையாளர். அவர்களாலும் தீராதவற்றுக்குத் தொலைவிலுள்ள பயனரை நாடலாம். அண்மைக் காலத்திலே செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் உடனுக்குடன் நிரல் எழுதித் தருகின்றன. அவை பயன் மிக்கனவே. எனினும் இல்லாத கட்டளையை இருப்பதாகவும், பிழையான முறையைச் சரியானதாகவும் ஐயமின்றிக் கூறுதலும் உண்டு. எவர் தந்த நிரலாயினும், கையாற் கணக்கிட்டு விடையறிந்த ஐந்து எண்களில் அதனைச் சோதித்த பின்னரே முழுத் தரவிலும் ஏற்றல் வேண்டும். மேற்காட்டிய எடுத்துக்காட்டிலே நான்கு எண்களின் கூட்டுத்தொகை 147. இடை 3 ஆதல் எவ்வாற்றானும் இயலாது என்பதைப் பள்ளிச் சிறுவனும் காண்பான்.

இவ்விடத்திலே உதவியின் எல்லையையும் உணர்தல் வேண்டும். 'இல்லை' என்று குறித்த நாளிலே வலைவீசியும் இறால் அகப்படவில்லையா? அல்லது அன்று மாணவி துறைக்குச் செல்லவில்லையா? முன்னது உண்மையாயின் அம்மதிப்பு 0, இடை 29.4 கிலோகிராம். பின்னது உண்மையாயின் அது விடுபட்ட மதிப்பு, இடை 36.75 கிலோகிராம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. இவற்றுள் எது சரியென ஓக்லாந்திலுள்ள அறிஞரும் கூற இயலாது; கணனியும் கூற இயலாது. துறையிலே நின்று குறித்தவரே கூறுதற்கு உரியவர். குறிப்பேட்டை வகுக்கும்போதே வெறுமைக்கு ஒரு குறியும் விடுபாட்டுக்கு வேறொரு குறியும் அமைத்திருந்தால் இவ்வையம் தோன்றியே இராது. பிசர் உணர்த்திய உண்மை இதுவே.

இத்தகையதே ஒதுங்கிய மதிப்புக்களின் நிலையும். நீண்டகாலத் தரவிலே ஓராண்டு மட்டும் பெரிதும் தாழ்ந்து நிற்பின், அதனை நீக்கிவிடுமாறு தொலைவிலுள்ளவர் நல்லெண்ணத்தோடு கூறலாம். 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்பேரலையையும் அறிந்த மட்டக்களப்பார், அவ்வீழ்ச்சி தட்டச்சுப் பிழையன்று, தம் மக்கள் பட்ட துயரின் பதிவே என அறிவர். கட்டளையின் இலக்கணத்தை அந்நியர் கற்பிக்கலாம். எண்ணின் பொருளை மண்ணறிந்தவரே கூறவேண்டும்.

வினாவக் கூசுதல் இப்பகுதி மாணவரிடை அரிதன்று. ஆங்கிலம் பிழைபட்டுவிடுமோ என்ற அச்சமும், அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்ற நாணமும் பலரை மாதக்கணக்கில் வாளாவிருக்கச் செய்கின்றன. நிரலும் எண்ணும் எல்லா நாட்டினருக்கும் பொது. ஐந்து வரித் தரவும் நான்கு வரிக் கட்டளையும் செவ்விதின் அமைந்தால், அவற்றைச் சூழ்ந்த ஆங்கிலம் எளியதாயிருப்பது குறையாகாது. விடை கிடைத்தபின் அது பயன்பட்டதா என்பதைத் தெரிவித்தலும், இறுதியில் தீர்வு கண்ட முறையைப் பதிந்து வைத்தலும் கேட்டவர் கடன். அடுத்த ஆண்டு அதே இடரில் அகப்படும் மாணவருக்கு அதுவே வழித்துணையாகும்.

1892 இல் காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்ற சுவாமி விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளிவந்த யாழ் நூலிலே பண்டைத் தமிழர் இசையைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தார். தமிழறிவும் எண்ணறிவும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் பிறந்த மண்ணிலே வேறு சான்று வேண்டுவதில்லை. வாவியையும் வயலையும் அளக்கும் இளைஞர், அறியாததை ஒழுங்காகக் கேட்டு, அறிந்ததை மறையாது கொடுத்து, தம் எண்களுக்குத் தாமே பொறுப்பேற்பாராயின், அவர்கள் எழுதும் முடிபுகளை இருகரை மக்களும் ஐயமின்றி நம்பலாம்.