சருமத்தில் திடீர் நீலத் திட்டு... காரணம் மாத்திரையாகவும் இருக்கலாம்!

முகப்பரு மறைந்துவிட்டது. ஆனால், பரு இருந்த இடத்தில் கருநீலத் தழும்பு தங்கிவிட்டது. இன்னும் சிலருக்கு அடியே படாமல் முழங்காலுக்குக் கீழே கன்றிப்போனதுபோல நீலச் சாம்பல் திட்டு. ரத்தக்கட்டா, புற்றுநோயா என்று வீடே கலங்கிப்போகும். சில நேரங்களில் அதற்கான விடை மருந்து டப்பாவிலேயே இருக்கும்.

முகப்பருவுக்கும் ரோசேசியா என்ற முகச் சிவப்புக்கும் மாதக்கணக்கில் தரப்படும் ஆன்டிபயாடிக்குகளில் ஒன்று மினோசைக்ளின். இது டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதைச் சாப்பிடும் சிலருக்குத் தோலின் நிறம் மாறுகிறது. நகம், ஈறு, கண்ணின் வெண்பகுதி, ஏன், எலும்பில்கூட இந்தக் கறை படியலாம்.

மூன்று வகை நிறமாற்றம்

முதல் வகை, பருத் தழும்புகளில் படியும் கருநீலம். இரண்டாவது, நன்றாக இருக்கும் தோலில், குறிப்பாகக் கால்களின் முன்பக்கத்தில் வரும் நீலச் சாம்பல். மூன்றாவது, வெயில் படும் இடங்களில் பரவும் சேற்றுப் பழுப்பு. இதை வெயிலில் கறுத்துவிட்டதாகவே பலரும் நினைத்துவிடுவார்கள்.

லேபில் என்ன நடக்கிறது?

சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவர் பயாப்சி செய்யச் சொல்வார். மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை எடுப்பார்கள். அதை மெல்லிய சீவல்களாக்கி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

வழக்கமான சாயத்தில் இரும்புக் கறையும் சரி, தோலின் இயற்கை நிறமியான மெலனினும் சரி, பழுப்புத் துகள்களாகவே தெரியும். அதனால் இரண்டு சிறப்புச் சாயங்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, 1867-ல் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் பெர்ல்ஸ் விவரித்த முறை. இதில் இரும்பு பளிச்சென்று நீலமாக மாறும். மற்றொன்று ஃபான்டானா-மாசன். இதில் வெள்ளிக் கரைசல் பட்டதும் மெலனின் கன்னங்கரேல் என்றாகும்.

முதல் வகையில் இரும்புச் சாயம் மட்டும் பிடிக்கும். இரண்டாவதில் இரண்டுமே பிடிக்கும். மூன்றாவதில் மெலனின் சாயம் மட்டும். கூடவே, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குரிய மாறுபட்ட செல்கள் இருக்கின்றனவா என்பதையும் நிபுணர் பார்த்துவிடுவார்.

மருந்துச் சீட்டு முக்கியம்

ஆனால், எந்தச் சாயமும் மருந்தின் பெயரைச் சொல்லாது. பழைய ரத்தக்கசிவு இருந்தாலும் தோலில் இரும்பு தங்கும். ஆக, சாப்பிட்ட மாத்திரை எது, எத்தனை மாதம் என்ற விவரம் கிடைத்தால்தான் பயாப்சி ரிப்போர்ட்டுக்கு முழு அர்த்தம் கிடைக்கும். 'அது பருவுக்குப் போட்ட மாத்திரைதானே' என்று சொல்லாமல் விட்டால், தேவையில்லாத பரிசோதனைகளும் பயமும்தான் மிஞ்சும்.

காரணம் மினோசைக்ளின்தான் என்று தெரிந்தால், மருத்துவர் அதை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாற்றுவார். முதல் இரண்டு வகைகளும் மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் எடுத்து மெள்ள மங்கும். மூன்றாவது வகை எளிதில் போகாது. லேசர் சிகிச்சை பலருக்குக் கைகொடுக்கிறது. வெயிலிலிருந்து சருமத்தைக் காப்பதும் அவசியம். எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

நீண்ட நாள் சாப்பிடும் மாத்திரை அட்டையை, தொடங்கிய தேதி தெரியும்படி செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவர் கேட்கும்போது அதைக் காட்டினாலே போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.