உங்களுக்குத் தெரியுமா? நடப்பவர், சைக்கிள்காரர் ஸ்பெஷல்!

ஸ்பீடு பிரேக்கர் முதல் சிக்னல் பொம்மை வரை, ரோட்டில் உயிர் காக்கும் தகவல்களைத் தேடித் தேடிப் பிடித்து வந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் முத்து! படியுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்கள்!

உலகின் முதல் டிராஃபிக் சிக்னல் எப்போது வந்தது? 1868 டிசம்பரில், லண்டன் நாடாளுமன்றத்துக்கு அருகில்! அப்போது கார் ஏது? குதிரை வண்டிகளை நிறுத்தி, நடந்து போகிறவர்களுக்கு வழிவிடத்தான் அந்த ஏற்பாடு. கேஸில் எரிந்த அந்த விளக்கு ஒரே மாதத்துக்குள் வெடித்துவிட்டது!

பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி பிரிட்ஜெட் டிரிஸ்கல். ஆண்டு 1896. அந்தக் கார் போன வேகம், ஓட்டியவர் சொன்ன கணக்குப்படி, மணிக்கு வெறும் 4 மைல்!

கறுப்பு வெள்ளை ஜீப்ரா கிராசிங் பிறந்த ஊர் இங்கிலாந்தின் ஸ்லவ். பிறந்த நாள் 1951 அக்டோபர் 31. அதற்கு முன் நீலமும் மஞ்சளுமாகக்கூடப் பட்டை அடித்துப் பார்த்தார்கள்!

ஜீப்ரா மட்டுமா? பிரிட்டனில் பெலிகன், பஃபின், டூக்கன், பெகாசஸ் என்றெல்லாம் கிராசிங்குகள் உண்டு. பெகாசஸ், குதிரையில் வருகிறவர்களுக்கு! சேணத்தில் உட்கார்ந்தபடியே அழுத்தலாம், பட்டன் அவ்வளவு உயரத்தில் இருக்கும்!

பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வர் 1969-ல் ஆல்பம் அட்டைக்காக வரிசையாக நடந்து போனார்களே, லண்டன் ஆபி ரோடு ஜீப்ரா கிராசிங், 2010 முதல் அது சட்டப்படி பாதுகாக்கப்படும் பாரம்பரியச் சின்னம்! பெயின்ட் கோடுகளுக்கு இப்படியொரு மரியாதை!

ஸ்பீடு பிரேக்கருக்குப் பின்னால் ஒரு நோபல் விஞ்ஞானி இருக்கிறார்! 1927-ல் இயற்பியல் நோபல் வாங்கிய ஆர்தர் காம்ப்டன், 1953-ல் தன் பல்கலைக்கழக வளாகத்தில் பறந்த கார்களை அடக்க மேடுகளை வடிவமைத்தார். அணுவை ஆராய்ந்த மூளை, ரோட்டு மேட்டையும் விட்டுவைக்கவில்லை!

மெட்ரோ ஸ்டேஷன் தரையில் மஞ்சளாக, புள்ளி புள்ளியாக ஓடும் டைல்ஸ் அலங்காரமல்ல! பார்வையற்றவர்கள் காலால் வழி அறிய, ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965-ல் கண்டுபிடித்தது. 1967-ல் ஒகயாமா நகரத்தில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தார்கள். இன்று உலகமே அதன்மேல் நடக்கிறது!

சிக்னலில் தொப்பி போட்ட பொம்மையைப் பார்த்திருக்கிறீர்களா? 1961-ல் கிழக்கு பெர்லினில் அதை உருவாக்கியவர் கார்ல் பெக்லாவ். தொழில்? போக்குவரத்து உளவியலாளர்! ஜெர்மனி ஒன்றானதும் அதை எடுக்கப் பார்த்தார்கள். மக்கள் போராடித் தடுத்துவிட்டார்கள்!

தைபே நகரத்து சிக்னல் மனிதர் சும்மா நிற்க மாட்டார், நடப்பார்! நேரம் முடியப் போகிறதா? ஓடவே ஆரம்பித்துவிடுவார்! 1999 முதல் ஓடிக்கொண்டிருக்கிறார்!

நம் மும்பையும் சளைத்ததல்ல! 2020-ல் தாதர் பகுதி சிக்னல்களில் பாவாடை அணிந்த பெண் உருவம் மின்னியது. இந்தியாவில் அதுதான் முதல் முறை!

சிங்கப்பூரில் தாத்தா பாட்டி ரோட்டைக் கடக்க அவசரப்பட வேண்டாம். சிக்னல் கம்பத்தில் தங்கள் மூத்த குடிமக்கள் கார்டைக் காட்டினால் போதும். பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும்! 2009-ல் தொடங்கிய அற்புதம்!

செல்போனைப் பார்த்தபடியே நடப்பவர்களை என்ன செய்வது? ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம் 2016-ல் சிக்னலையே தரைக்கு இறக்கிவிட்டது! குனிந்த தலைக்கும் சிவப்பு தெரியும்!

கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மேயர் அன்டனாஸ் மோக்கஸ், 1990-களில் டிராஃபிக்கைச் சரிசெய்ய யாரைக் களத்தில் இறக்கினார் தெரியுமா? மைம் கலைஞர்களை! விசில் இல்லை, அபராதம் இல்லை. கிராசிங்கில் வண்டியை ஏற்றியவர்களை நடித்தே நாணவைத்தவர்கள் 420 பேர்!

பொலிவியாவின் லா பாஸில் ஜீப்ரா கிராசிங்கில் ஜீப்ராவே நிற்கும்! வரிக்குதிரை வேடம் போட்ட இளைஞர்கள் 2001 முதல் கைபிடித்து ரோட்டைக் கடக்கவைக்கிறார்கள். தொடக்கத்தில் 24 பேர்தான்!

மீண்டும் பொகோட்டா! ஞாயிறும் விடுமுறை நாளும் வந்தால், 120 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளில் காருக்குத் தடை. நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம். 1974-ல் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை!

இனி வேகக் கணக்கு. கவனமாகப் படியுங்கள்! 50 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஒரே ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் பாய்ந்துவிடும்!

அதே 50 கி.மீ. வேகத்தில் மோதினால் விழும் அடி, மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம்! 30 கி.மீ. வேகம் என்றால்? ஒரே ஒரு மாடி! 20 கி.மீ. குறைத்தால் இரண்டு மாடி மிச்சம்!

சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால், உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது! சொல்வது உலக சுகாதார நிறுவனம்!

சிக்னல் நேரம் போடும்போது, நீங்கள் விநாடிக்கு சுமார் 1.2 மீட்டர் நடப்பீர்கள் என்றுதான் பொறியாளர்கள் கணக்குப் போடுவார்கள். 24 மீட்டர் அகல ரோட்டைக் கடக்க 20 விநாடி. கைக்குழந்தையோடும் காய்கறிப் பையோடும் நடந்து பாருங்கள், அந்த 20 எவ்வளவு குறைவு என்று புரியும்!

இப்போது வருகிறது இந்த இதழின் முத்தான முத்து! நியூயார்க்கின் குயின்ஸ் பூல்வார்டு. 12 லேன் வரை விரியும் ராட்சச ரோடு. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘மரணச் சாலை’. 1997-ல் மட்டும் அங்கே இறந்த பாதசாரிகள் 18 பேர்!

2015-ல் அந்த ரோட்டையே மாற்றத் தொடங்கினார்கள். மீடியனை அகலமாக்கினார்கள். அதை ஒட்டி சைக்கிளுக்குத் தனிப் பாதை, நடக்கத் தனி இடம். 2015, 2016 இரண்டு ஆண்டும் அங்கே இறந்த பாதசாரிகளும் சைக்கிள்காரர்களும் எத்தனை பேர்? பூஜ்யம்! அதே ஊர், அதே மக்கள், மாறியது ரோடு மட்டுமே!

அதே நியூயார்க்கில் 9-வது அவென்யூ. 2007-ல் பார்க்கிங்கை ரோட்டுப் பக்கம் தள்ளி, சைக்கிள் பாதையை உள்ளே கொண்டுவந்தார்கள். நிற்கும் கார்களே காவல் சுவர்! காயமடைவோர் எண்ணிக்கை 58 சதவீதம் சரிந்தது!

“ரோட்டைக் குறைத்தால் வியாபாரம் படுத்துவிடும்” என்கிறீர்களா? அந்த 9-வது அவென்யூவின் உள்ளூர்க் கடைகளில் விற்பனை 49 சதவீதம் ஏறியது!

டைம்ஸ் சதுக்கத்தில் 2009-ல் காரை வெளியேற்றி நாற்காலி போட்டார்கள். பாதசாரிகளுக்குக் காயம் 35 சதவீதம் குறைவு! காரில் போனவர்களுக்கு? 63 சதவீதம் குறைவு! நடப்பவருக்குச் செய்தது காரோட்டிக்கும் கை கொடுத்தது!

நான்கு லேனை மூன்றாக்கினால் விபத்து 19 முதல் 47 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம். நடைபாதை போட்டால்? ரோட்டோரம் நடப்பவர்மீது வண்டி மோதுவது 65 முதல் 89 சதவீதம் குறையும். ஆம், வெறும் நடைபாதைக்கு!

கார்களுக்குப் பச்சை விழும் முன் பாதசாரிக்கு 3 முதல் 7 விநாடி முந்திக் கொடுத்தாலே மோதல் 13 சதவீதம் குறைகிறது. செலவு? சிக்னல் பெட்டியில் ஒரு மாற்றம், அவ்வளவுதான்!

நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் ஹோபோகன் என்றொரு குட்டி நகரம். தெரு முனைகளில் பார்க்கிங்கை எடுத்தார்கள். கடப்பவரை ஓட்டுநர் பார்க்கிறார், ஓட்டுநரைக் கடப்பவர் பார்க்கிறார். 2017-க்குப் பிறகு 7 ஆண்டு அந்த ஊர்த் தெருக்களில் ஒரு சாலை மரணம்கூட இல்லை!

ரோட்டில் ஓவியம் வரைந்தால் உயிர் பிழைக்குமா? பிழைக்கும்! அமெரிக்காவில் ஓவியம் தீட்டிய 17 இடங்களை 2022-ல் ஆராய்ந்தார்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சிக்கும் விபத்து பாதியாகக் குறைந்திருந்தது!

நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் சொர்க்கம் என்று நினைத்தீர்களா? 1971-ல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 3,000-க்கும் மேல். அதில் குழந்தைகள் மட்டும் 400-க்கும் மேல். பெற்றோர் ரோட்டில் இறங்கிப் போராடினார்கள். ரோடு மாறியது!

இன்று அங்கே மக்கள் சுமார் 1.8 கோடி. சைக்கிள்? 2.3 கோடி! ஆளைவிட சைக்கிள் அதிகம்!

அங்கே உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் மூன்று தளத்தில் சைக்கிள் ஸ்டாண்டு. 12,500 சைக்கிள்கள் நிறுத்தலாம்!

ஐந்தோவனில் சைக்கிளுக்கென்றே அந்தரத்தில் தொங்கும் ரவுண்டானா! 24 கேபிள்களில் தொங்குகிறது. கீழே கார், மேலே சைக்கிள்!

கோபன்ஹேகனின் நோரப்ரோகாடே சாலையில் 20 கி.மீ. வேகத்தில் மிதியுங்கள். காலை நேரத்தில் ஊருக்குள் போகும்போது வரிசையாக எல்லா சிக்னலும் பச்சை! கால் தரையில் படவே படாது!

ஸ்பெயினின் செவில் நகரம் 2006-லிருந்து சில ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கும் மேல் தனி சைக்கிள் பாதை போட்டது. சைக்கிள் பயணம் சுமார் 11 மடங்கு எகிறியது!

இது உங்களுக்கான உடனடி டிப்ஸ்! காரில் ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறீர்களா? கதவை வலது கையால் திறக்காதீர்கள். இடது கையால் திறங்கள்! உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். பிரிட்டன் 2022-ல் இதைச் சாலை விதி நூலிலேயே சேர்த்துவிட்டது!

நம் நாட்டுக் கணக்கு நெஞ்சைப் பிசைகிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். சைக்கிளில் போனவர்கள் 4,836 பேர். நாள் ஒன்றுக்கு நூறு குடும்பங்கள்!

நம் நடைபாதை எவ்வளவு உயரம் இருக்கலாம்? சாலைத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்வது அதிகபட்சம் 15 சென்டிமீட்டர். தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர். உங்கள் தெருவில் ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள், அதிர்ந்துபோவீர்கள்!

நல்ல நடைபாதை கேட்பது சலுகை அல்ல, உரிமை! வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டப் பிரிவு 21-க்குள் நடைபாதையும் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது!

2014-லேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கை போட்டது நம் சென்னை மாநகராட்சி! போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் இவற்றுக்கே என்பது இலக்கு. தி.நகர் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தது. இன்று அங்கே குழந்தையோடு நிம்மதியாக நடக்கலாம்!

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள், ஆண்டுக்கு சுமார் 5 லட்சம்! அத்தனை பிள்ளைகளும் பத்திரமாக மிதித்துப் போக ரோடு வேண்டாமா?

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்பவர்களுக்கு மூன்று ஊர். முதலாவது, ஸ்பெயினின் பொன்டேவெத்ரா. 1999-ல் நகர மையத்தில் காருக்குக் கடிவாளம் போட்டார்கள். 1996 முதல் 2006 வரை 30 பேர் இறந்த தெருக்களில், அடுத்த 10 ஆண்டில் இறந்தவர்கள் 3 பேர்!

இரண்டாவது, நார்வேயின் ஆஸ்லோ. மையப் பகுதியில் சுமார் 700 பார்க்கிங் இடங்களை எடுத்தது. 2019 முழுக்க அந்தத் தலைநகரத்தில் ஒரு பாதசாரிகூட, ஒரு சைக்கிள்காரர்கூட இறக்கவில்லை!

மூன்றாவது, பின்லாந்தின் ஹெல்சிங்கி. மக்கள் சுமார் 7 லட்சம். பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் 30 கி.மீ. வேகம்தான். 1980-களில் ஆண்டுக்கு 30 பேர் வரை சாலையில் இறந்த ஊர் அது. 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூலை வரை, நடந்தவர், சைக்கிளில் போனவர், பைக்கில் போனவர், காரில் போனவர், எல்லோரையும் சேர்த்து இறந்தவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம்!