கடல் கடந்த கருநாடக இசையும் தன்னார்வலரும்: கிளீவ்லாந்து ஆராதனையைத் தென்காசி மரபின் பக்கமிருந்து நோக்குதல்

கருநாடக இசை வெளிநாடுகளில் வேரூன்றியமைக்குப் பெருங்கலைஞர்களின் பயணங்களே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. 1966 இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் அவையில் பாடியமை இதற்கு வழக்கமாகக் காட்டப்பெறும் சான்று. ஆயின், ஒருநாள் கச்சேரி வியப்பைத் தரும்; ஆண்டுதோறும் வந்தமரும் அவையைத் தராது. அவ்வவையை உருவாக்கியதில் ஊதியம் கருதாத தன்னார்வலர்க்குப் பெரும்பங்கு உண்டு. அவர்கள் எதனைத் தெரிந்தெடுத்தனர் என்பதே இக்கட்டுரையின் வினா.

வெளிநாட்டு அவை என்பது ஒரே தன்மையதன்று. அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் வீணை தனம்மாளின் பெயரர்களான தி. ரங்கநாதனும் தி. விசுவநாதனும் அந்நாட்டு மாணவர்க்கே கற்பித்தனர். அங்குப் பயின்ற ஜான் ஹிக்கின்ஸ் 1965 இல் திருவையாற்று ஆராதனையில் பாடினார். இது பல்கலைக்கழகம் சார்ந்த முயற்சி. 1978 இல் ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் தொடங்கிய தியாகராசர் ஆராதனையோ, வி.வி. சுந்தரம், ஆர். பாலசுப்பிரமணியம் போன்ற புலம்பெயர்ந்த ஆர்வலர்கள் தம் ஓய்வுநேரத்தில் நடத்தியது. ஈஸ்டர் பருவத்தையொட்டி நிகழும் இவ்விழா இன்று பத்து நாட்களுக்கும் மேல் நீள்கிறது.

இவர்கள் ஆராதனை என்னும் வடிவத்தைத் தெரிந்தெடுத்தமை கருதத்தக்கது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைத் தேர்ந்த வித்துவானும் கற்றுக்குட்டியும் ஒருங்கமர்ந்து பாடலாம். கச்சேரியில் கேட்பவர் கேட்பவரே. இங்குக் கேட்பவரே பாடுபவருமாகிறார். பாட வரும் பிள்ளையோடு பெற்றோரும் வருவர். போட்டிகள் அப்பிள்ளையை ஆண்டு முழுதும் பயிற்சியில் நிறுத்தும். அவை இவ்வாறே வளர்கிறது. திருவையாற்றிலும் பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டே 1920களில் தியாகராசர் சமாதியைக் கோயிலாக எழுப்பினார். எனவே தன்னார்வம் அமெரிக்காவில் முளைத்த புதுமையன்று.

ஆனால் இவ்வழியே கடல் கடந்தது பெரிதும் சென்னைச் சபாக்களின் கச்சேரி முறையே. அம்முறையில் தென்காசி வட்டாரத்தின் பங்கு மிகச் சிறிது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து கச்சேரியின் இறுதியில் துக்கடாவாக இடம்பெறுகிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை ருக்மிணி தேவி 1944 இல் கலாசேத்திரத்தில் நாட்டிய நாடகமாக்கிய பின்னரே அது நகர அரங்கின் உடைமையாயிற்று. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. தமிழிசைக்காக வாதிட்டதும் இதே காலம்தான். தமிழ்ப்பாடல் துக்கடாவாக ஒதுங்கியமை குறித்து அன்றெழுந்த வினா, அயல்நாட்டு மேடைக்கும் அப்படியே பொருந்துகிறது. மேடையை நிறுவியோர் தாம் இளமையில் கேட்டதையே கேட்க விரும்பினர் என்பது இயல்பே. அவர்களைக் குறைகூற இதில் இடமில்லை.

பண்பொழித் திருமலை முருகனுக்குக் காவடி சுமப்போர் அறிந்த வழிபாடு வேறொரு வழியில் முன்பே கடல் கடந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலேயாவுக்கும் மொரீசியசுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூலிகளாகச் சென்ற தமிழர் காவடியையும் உடன்கொண்டு சென்றனர். பத்துமலைத் தைப்பூசத்துக்கு அரங்கும் நுழைவுச்சீட்டும் தேவைப்படவில்லை. இசைப்பரவலை ஆராயும்போது கச்சேரி மேடையோடு இவ்வழியையும் கணக்கில் கொள்ளுதல் தகும். ஈழத்தமிழர் இலண்டனிலும் தொரந்தோவிலும் எழுப்பிய கோயில்களில் ஒலிக்கும் நாகசுரமும் தவிலும் இவ்வழியைச் சார்ந்தவையே.